பச்சைப் புள்ளி வைத்த பெயர்

14 ஜூன் 2022

காலையிலிருந்தே மேற்கே மலை தெரியவில்லை. சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் அண்ணன் லாட்ஜ் நிரம்பிவிட்டதாம். மதினி போன் செய்து, "லோகா, சனி ஞாயிறு வந்து ரிசப்ஷன்ல இரிட்டி, ஒங்கண்ணன் ஒத்தையில திண்டாடுதாக" என்றாள். சரி என்றேன்.

மதியம் வேலை. வேலை என்றுதான் எழுதுவேன். நான் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த கல்லூரியைக் கொரோனா சமயத்தில் இழுத்து மூடினார்கள். அதிலிருந்து, நடுவில் தடை இருந்த மாதங்கள் போக, ஆன்லைன் போக்கர்தான் இந்த வீட்டு அரிசி பருப்பு. தென்காசியில் எங்கள் தெருவில் கேட்டால் "லோகநாயகி சீட்டு வெளையாடுதா" என்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான். நான் பெரும்பாலும் செய்வது, வந்த சீட்டைக் கீழே வைத்து அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது. தோதான சீட்டு வரும்வரை கீழே வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இருப்பவருக்குத்தான் இது பிழைப்பு.

இன்று மந்திராஜா மேஜையில் இருந்தான். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நான் செண்பகம். அவன் எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. ஆனால் ஆட்டம் தெரியும். கையில் வந்த சீட்டைக் கீழே வைக்கவே அவனுக்கு மனசு வராது. எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் நாம் ஒரு நிறப் புள்ளி வைத்துக்கொள்ளலாம், அது நமக்கு மட்டும்தான் தெரியும். கவனமாக ஆடுகிறவருக்குச் சிவப்பு. தோற்றுக்கொண்டே இருப்பவருக்குப் பச்சை. மந்திராஜாவுக்குப் பச்சை வைத்துப் பத்து மாதம் இருக்கும். அவன் இருக்கிற மேஜையைத் தேடிப் போய் உட்காருவேன். எல்லோரும் செய்வதுதான்.

19 ஜூன்

குற்றாலம். மெயினருவியில் வரிசை கட்டி நிற்கிறார்கள். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உள்ளே வந்து தரை முழுக்கச் சேறு. லாட்ஜில் வேலை பார்க்கிற முத்துவடிவு துடைத்துக்கொண்டே இருந்தாள். கீழப்பாவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். போன வருஷம் அவள் வீட்டுக்காரர் இறந்துபோனார். போனில் ரம்மி ஆடித் தோற்று, யாரிடமும் சொல்லாமல், ஒரு நாள் காலையில்... அவள் அதற்கு மேல் சொல்வதில்லை. நானும் கேட்டதில்லை.

இன்று ஒரு தாளோடு வந்தாள். ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யச் சொல்லி அவர்கள் ஊரில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

"ஒரு கையெழுத்து போடுங்கக்கா."

"என்னால போட முடியாது முத்துவடிவு. எம் பொழப்பே அதுதான்னு உனக்குத் தெரியும்லா."

"தெரியுங்கா. ஜெயிக்கவங்க போட மாட்டாங்க. இருந்தாலும் கேப்பம்னு கேட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் உடனே போட்டான். செந்தில்வேல் என்று முழுப்பெயர், லாட்ஜ் பெயர், விலாசம் எல்லாம். "தடை பண்ணணும்ட்டி. எல்லாத்தையும் வேரோட புடுங்கி எறியணும்" என்றான். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. என் சொந்த அண்ணன்! நான் எதில் சாப்பிடுகிறேன் என்று அவனுக்குத் தெரியாதா? பஸ்ஸில் வரும்போது அழுகை அழுகையாக வந்தது.

26 ஜூன்

கோபம் போகவில்லை. ஆனாலும் போனேன். மதினியும் நானும் லாட்ஜ் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்ய இறங்கினோம். உடைந்த வாளி, கைப்பிடி போன மக், ஒழுகுகிற குழாய், மூன்று காலோடு ஒரு நாற்காலி. ஒன்றைக்கூட அண்ணன் போடவிடவில்லை. "இருக்கட்டும்ட்டி, என்னைக்காவது ஆகும்."

மதினி தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாணமான நாள்லேருந்து இதே பாட்டுதான். புளிச்ச தயிரக்கூடக் கொட்ட விடமாட்டாக." சிரித்துவிட்டேன்.

3 ஜூலை

எப்படி எழுதுவது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு லாட்ஜில் கூட்டம் ஓய்ந்தது. அண்ணன் பின்னால் ஆபீஸ் அறையில். அங்கே டவர் கிடைக்காது, வைஃபைதான். நான் ரிசப்ஷனில் என் போனில் மேஜையைத் திறந்தேன். மந்திராஜா இருந்தான். எதிரே போய் உட்கார்ந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. மேஜையில் மந்திராஜா பெயர் சாம்பல் நிறமாகிவிட்டது. இணைப்பு போய்விட்டது என்று அர்த்தம். பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமி ஓடத் தொடங்கியது. மந்திராஜா திரும்பி வந்தான்.

சிரிப்புத்தான் வந்தது. அவனும் ஏதோ மழையில் இருக்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் மாடியிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, வென்னி வரல" என்று கத்தினார். அண்ணன் எழுந்து போன சத்தம் கேட்டது. மேஜையில் மந்திராஜாவின் முறை. நேரம் ஓடி முடிந்து, அவன் சீட்டு தானாகவே கீழே போனது. இத்தனை மாதத்தில் அவன் சீட்டு இப்படிக் கீழே போய் நான் பார்த்ததில்லை.

இருக்காது, இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த ஆட்டத்தில் அவன் முறை வரும்வரை காத்திருந்து குரல் கொடுத்தேன்.

"அண்ணே, இங்கன செத்த வாயேன்."

வந்தான். கையில் போன், விரல் அதன் மேலேயே இருந்தது. "என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. சாவி எங்கன்னு பாத்தேன். இருக்கு."

என் திரையில் மந்திராஜாவின் நேரம் கரைந்துகொண்டிருந்தது. அண்ணன் போனை ஒரு தட்டுத் தட்டினான். மந்திராஜா தன்னிடம் இருந்த பணம் எல்லாவற்றையும் நடுவில் வைத்தான்.

என் கையில் இரண்டு ராஜா. நடுவில் இன்னொரு ராஜா. ஜெயிக்கிற சீட்டு என்று தெரிந்தே முதல்முறையாகக் கீழே வைத்தேன். அண்ணன் முகம் மலர்ந்தது. "சாரல் நல்லா இருக்குட்டி" என்றபடி உள்ளே போனான்.

4 ஜூலை

விளையாடவில்லை. தலைவலி என்று சொல்லிக்கொண்டேன். தலைவலி இல்லை.

11 ஜூலை

இத்தனை மாதமாகத் தேடித் தேடிப் போய் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். முகம் தெரியாத ஒருவன் என்பதால்தானே அத்தனை நிம்மதியாக இருந்தேன்? மந்திராஜா வேறு யாருக்காவது அண்ணனாக இருந்தால் பரவாயில்லையா? கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

17 ஜூலை

கேட்டுவிட்டேன்.

அண்ணன் பலகையில் அறைச் சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, மந்திராஜா யாரு?" என்றேன். சாவி கையிலேயே நின்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான் செண்பகம்."

நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். "அந்தச் செண்பகத்த எத்தன நாள் ஏசிருக்கேன் தெரியுமாட்டி? நாசமாப் போவான், வெளங்காம போவான்னு..." சிரிப்பு நின்றது. அப்பா இறந்தபோதுகூட அழாதவன் அழுதான். சீசனில் வருகிறதெல்லாம் அதிலேயே போகிறதாம். மதினிக்குத் தெரியாதாம்.

"பெறவு எதுக்கு முத்துவடிவு தாள்ல கையெழுத்து போட்ட?"

"எனக்காகத்தான்ட்டி போட்டேன். என்னால நிறுத்த முடியல. போலீஸ் வரும்னு பயம் வந்தாத்தான் இந்தக் கை நிக்கும்."

"பயம் வந்தா கை நிக்காதுண்ணே. வாய்தான் நிக்கும். இப்பம் எங்கிட்ட சொல்லுதேல்லா, அது குத்தம்னு ஆயிட்டா சொல்லுவியா?"

அவனிடம் நான் ஜெயித்ததையெல்லாம் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். பதறிவிட்டான். "தராதட்டி. தந்தா அதையும் கொண்டு போட்டிருவேன்."

அதே விளையாட்டுத் தளத்தில், நம்மை நாமே பூட்டிக்கொள்ளும் ஒரு வசதி உண்டு. பூட்டினால் ஒரு வருஷத்துக்கு நாமே கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். ஆபீஸ் அறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் பூட்டினேன். கடைசிப் பொத்தானை அவனை அழுத்தச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுத்தினான்.

தினமும் சாயங்காலம் எனக்குப் போன் செய்து, அன்றைக்கு ஆடினானா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதுதான் பேச்சு.

18 ஜூலை

"இன்னைக்கு இல்லட்டி" என்றான். வைத்துவிட்டான்.

25 ஜூலை

"இன்னைக்கு இல்லட்டி. ஆனா கை அரிக்கி." காசி விசுவநாதர் கோயில் பக்கம் வா, பேசிக்கொண்டிருக்கலாம் என்றேன். வந்தான். கோபுரத்தடியில் காற்று ஆளைத் தள்ளியது. லாட்ஜைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம், வேறொன்றும் பேசவில்லை. போகும்போது, "மதினிகிட்ட நானே சொல்லுதேன்" என்றான்.

2 ஆகஸ்ட்

சொல்லிவிட்டான். மதினி அவனோடு பேசுவதில்லை. என்னோடும் பேசுவதில்லை. நியாயம்தான்.

10 ஆகஸ்ட்

ஆன்லைன் விளையாட்டுக்குச் சட்டம் கொண்டுவருவது பற்றி அரசு கருத்துக் கேட்டிருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பலாம். தென்காசிக் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிற ஷமீம் பானு என் பழைய மாணவி. நான் எழுதியதைப் படித்துவிட்டு, "மேடம், பாதிக்கு மேல நிகழ்தகவுதான் இருக்கு. படிக்கிறவங்க ஓடிருவாங்க" என்றாள்.

உண்மைதான். போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இது என் தொழில், இதைத் தடை செய்யாதீர்கள். தோற்கிறவர் தன்னைப் பூட்டிக்கொள்ள எல்லாத் தளத்திலும் வழி வையுங்கள். வீட்டில் இருப்பவர் கேட்டாலும் பூட்டட்டும். பச்சைப் புள்ளி மாதிரி வசதிகளை எடுத்துவிடுங்கள், எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை. எதைச் செய்தாலும் விளையாடுகிறவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள், அவர் அப்புறம் வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்.

"பேரு போடணுமா மேடம்? பேரில்லாமலும் அனுப்பலாமே" என்றாள் ஷமீம் பானு.

லோகநாயகி, தென்காசி என்று போட்டு அனுப்பினேன்.

நான் விளையாடுவதை நிறுத்தவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். புள்ளிகளை மட்டும் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அழித்த பிறகும் பழைய பச்சைப் பெயர்கள் மனசில் இருக்கின்றன.

30 ஆகஸ்ட்

"இன்னைக்கு இல்லட்டி." பின்னால் மதினி குரல்: "லோகாவச் சாப்பிட வரச் சொல்லுங்க." பேசிவிட்டாள்!

9 அக்டோபர்

அவசரச் சட்டம் வந்துவிட்டது. ரம்மி, போக்கர் இரண்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். ஷமீம் பானு படித்துச் சொன்னாள். விளையாடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறை.

லாட்ஜுக்குப் போயிருந்தேன். முத்துவடிவு வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நானாகவே போய்ச் சொன்னேன். எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. பார், உன் கையெழுத்து என்ன கொண்டுவந்திருக்கிறது பார் என்று.

"வெளையாடுனவங்களுக்கும் ஜெயிலாக்கா?"

"ஆமா."

"அப்பம் எங்க வீட்டு ஆளையும் பிடிச்சிருப்பாகளோ?"

"பிடிச்சிருப்பாங்க முத்துவடிவு. அதத்தான் நான் வேண்டாங்கேன்."

ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். "பிடிச்சிருந்தா உசுரோட இருந்திருப்பாகல்லாக்கா" என்றாள்.

அவளோடு சேர்ந்து மிச்சத் துணியை உலர்த்தினேன்.

10 அக்டோபர்

முத்துவடிவு சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்டது சட்டம் இல்லை. ஒரு நாள், யாராவது ஒருவர் அவள் வீட்டுக்காரர் கையைப் பிடித்திருக்க வேண்டும். போலீஸ்தானா பிடிக்க வேண்டும்? வேறு யாரும் இல்லையென்றால்? தெரியவில்லை. இருந்தும் நான் எழுதியனுப்பியதில் ஒரு வரியை மாற்ற மாட்டேன். இரண்டும் ஒரே மனசில் கிடக்கின்றன.

20 அக்டோபர்

சட்டசபையில் மசோதா நிறைவேறிவிட்டது. "இன்னைக்கு இல்லட்டி."

15 ஜனவரி 2023

பொங்கல். அண்ணன் வீட்டில் சாப்பாடு. ஸ்டோர் ரூமிலிருந்து அந்த மூன்று கால் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்காரனிடம் போட்டானாம். மதினி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, சும்மா சொல்லவில்லை, நெஞ்சு நிறைந்து இருந்தது.

8 மார்ச்

மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஷமீம் பானு போனில் துள்ளினாள். நான் துள்ளவில்லை. திரும்ப நிறைவேற்றுவார்கள் என்று தோன்றுகிறது.

11 ஏப்ரல்

சட்டமாகிவிட்டது. சென்னையில் வழக்குப் போடப்போகிறார்களாம். என்றைக்கு முடியுமோ.

நான் விளையாடும் தளம் தமிழ்நாட்டுக்கு மூடிவிட்டது. திறந்தால் ஒரு வரி மட்டும் வருகிறது. உங்கள் மாநிலத்தில் இந்தச் சேவை இல்லை. நான் சட்டத்தை எதிர்த்து எழுதினவள். இருந்தாலும் சட்டத்தை மீற எனக்கு வராது. நாளை முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். தெருவில் சந்தோஷம். "இப்பமாவது புத்தி வந்துச்சே" என்று எதிர்வீட்டில் சொன்னது காதில் விழுந்தது. சவத்த விடு.

அண்ணன் போட்ட பூட்டும் அந்தத் தளத்தோடு போய்விட்டது. இதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

16 ஏப்ரல்

சாயங்காலம் போன் வரவில்லை. நானே செய்தேன். "அதான் சட்டமே வந்துட்டே, இனி எதுக்குட்டி தெனமும் போனு?" என்றான். குரல் நன்றாகத்தான் இருந்தது.

22 மே

அருவியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. லாட்ஜ் காலி. அண்ணன் மெலிந்திருக்கிறான். டியூஷனுக்கு வருகிற ஒரு பையன் சொன்னான்: தளங்கள் மூடின பிறகு வெளிநாட்டு லிங்க் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம். பெயர் வேண்டாம், ஆதாரம் வேண்டாம், எந்நேரமும் திறந்திருக்குமாம். அதில் பூட்டு உண்டா என்று கேட்டேன். அவனுக்கு என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை.

ராத்திரிவரை பொறுக்க முடியாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அந்த லிங்க் எதுவும்..."

"ஏட்டி, இதெல்லாம் போன்ல பேசாத. ரெக்கார்டு பண்ணுவானுவ. உனக்கும் கேசு, எனக்கும் கேசு." வைத்துவிட்டான்.

நேரில் போனாலும் அதே. "லோகா, ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல." எல்லாம் சொல்லி அழுத அதே ஆபீஸ் அறைதான்.

4 ஜூன்

மதினி கேட்டாள்: "ஒங்கண்ணன் எதுவும் சொன்னாகளா?" இல்லை என்றேன். அது உண்மைதான்.

9 ஜூலை

சாரல் இந்த வருஷமும் நன்றாக வந்திருக்கிறது. காலையிலேயே குற்றாலம் போய்விட்டேன். லாட்ஜ் நிரம்பி, முத்துவடிவு துடைத்த இடத்திலேயே மறுபடி சேறு. ரிசப்ஷனில் உட்கார்ந்து பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மதியம் மழை பிடித்தது. கரண்ட் போனது.

ஆபீஸ் அறைக் கதவு திறந்தது. அண்ணன் வேகமாக வெளியே வந்தான், செருப்புக்கூடப் போடவில்லை. என்னைத் தாண்டி வராந்தா ஓரத்துக்குப் போய், மழை முகத்தில் அடிக்க, போனை உயரே தூக்கி டவர் தேடினான்.

"என்னண்ணே?"

"ரூம் புக்கிங் வந்திருக்கான்னு பாக்கேன்ட்டி."

திரும்பிப் பார்க்காமல் சொன்னான். விரல் திரை மேலேயே இருந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

முத்துவடிவு துடைப்பத்தோடு நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

என் போனை எடுத்தேன். அதில் திறந்து பார்க்க இப்போது எந்த மேஜையும் இல்லை. அன்றைக்கு அவனுக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்களோ.